பதினேழாம் மாதிரி

நான் உருவாக்கிய பரிசோதனை ஒருமுறைகூடத் தவறியதில்லை. 2061 மார்ச் மாதம் வரை இதை எந்த மேடையிலும் தயங்காமல் சொல்லிவந்தேன்.

மதுரையில் எங்கள் ஆய்வகத்துக்கு ஆசியா முழுவதிலிருந்தும் பளுதூக்குபவர்களின் தசைத் துணுக்குகள் வரும். தொடையில் ஊசியால் எடுத்த, அரிசிமணி அளவுத் துணுக்கு. அந்தத் தசையில் டென்சிவார் என்ற மருந்து ஏறியிருக்கிறதா என்று மூன்று மணி நேரத்தில் சொல்லிவிடுவோம். அதுவரை பதினொரு பேரைப் பிடித்திருந்தோம். பதினொரு பேரும் முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டாவது ஆள் இசக்கிப்ரியா.

டென்சிவார் உண்மையில் நல்ல மருந்து. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் தசை கரைந்துபோகாமல் இருப்பதற்காக வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர் கட்டிலில் காலை மடக்கி நீட்டினாலே போதும், மூட்டை தூக்கியதுபோலத் தசை வளரும். அப்படியென்றால் நிஜமாகவே மூட்டை தூக்குகிறவர் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று விளையாட்டு உலகம் உடனே யோசித்தது. அதனால் தடை வந்தது. தடை வந்ததால் என் பரிசோதனை வந்தது.

மருந்தின் அடையாளம், தசையின் ஒரு மரபணுவில் அது செய்யும் ஏழு எழுத்து மாற்றம். அந்த ஏழும் சேர்ந்து யாருக்காவது பிறவியிலேயே இருக்கிறதா என்று நான்கு லட்சம் பேரின் மரபணுப் பதிவுகளில் தேடியிருந்தேன். ஒருவரிடமும் இல்லை. ஆகவே ஏழு எழுத்து இருந்தால் ஊசி போட்டிருக்கிறார், அவ்வளவுதான். என் பெயர் ஹைருன்னிஸா. அந்த ஆண்டுகளில் என் பெயரைக் கேட்டால் பயிற்சியாளர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

விசாரணை சென்னையில் நடந்தது. இசக்கிப்ரியாவுக்கு இருபத்துநான்கு வயது. தூத்துக்குடிக்காரி. எழுபத்தொரு கிலோ எடைப் பிரிவில் ஆசியச் சாம்பியன். ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். சோதனை முடிவு வெளியான மறுநாளே பள்ளி அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிள்ளைகள் 'ஊசி டீச்சர்' என்று கூப்பிடுகிறார்களாம். இதை அவளுடைய வக்கீல் சொன்னபோது அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் எந்த ஊசியும் போட்டுக்கலை" என்றாள்.

விசாரணைக் குழுவின் தலைவர் வேதவல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி. "முன்னாடி வந்த பதினொரு பேரும் இதையேதாம்மா சொன்னாங்க" என்றார்.

"அவங்க சொன்னது அவங்களுக்கு. எனக்கு ஒரு கேள்வி இருக்கு. டாக்டர் மேடத்துக்கிட்ட கேக்கலாமா?"

வேதவல்லி தலையசைத்தார். இசக்கிப்ரியா என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கட்டுரையை மூணு தடவை படிச்சேன் மேடம். பாதி புரியலை. ஒன்பதாம் பக்கத்துல, இந்த மருந்து தசையை விட்டு வெளியே போகாதுன்னு எழுதியிருக்கீங்க. தோலுக்கோ முடி வேருக்கோ போகாது. சரிதானே?"

"சரி."

"அப்ப என் முடியைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

தேவைப்படவில்லை என்று சொன்னேன். நான்கு லட்சம் பேரைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையில் கைவைத்து நாலைந்து முடியை வேரோடு பிடுங்கினாள். முன்னால் கிடந்த நோட்டுத் தாளில் வைத்து மடித்து, எழுந்து வந்து என் மேசையில் வைத்தாள்.

"அந்த நாலு லட்சத்துல நான் இல்லையே மேடம்" என்றாள்.

அது சாட்சியாகாது என்று வேதவல்லி சொன்னார். தாளை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் சொன்னதை நம்பி அல்ல. பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்பதற்காக.

முடி வேரிலும் ஏழு எழுத்து இருந்தது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். நான்காவது முறை என் உதவியாளரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நானே செய்தேன். இருந்தது. ஊசி அங்கே போக வழியில்லை. அவள் இதோடுதான் பிறந்திருக்கிறாள்.

சென்னைக்குப் போய் வேதவல்லியிடம் நேரில் சொன்னேன். அவர் நீண்ட நேரம் முடிவுகளைப் படித்தார். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து ஆறாவது பிரிவைக் காட்டினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சில நாடுகளில் பணக்காரப் பெற்றோர்கள் கருவிலேயே பிள்ளையைத் திருத்திப் பெற்றுக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தில் எழுதிய விதி அது. பிறக்கும் முன்பே திருத்தப்பட்டவரும் போட்டியிடக் கூடாது. திருத்திய பெற்றோர் மீதும் வழக்கு.

"இதுல ஆயுள் தடை டாக்டர்" என்றார் வேதவல்லி. "ஊசின்னா நாலு வருஷத்தோட போயிருக்கும்."

உதவி செய்வதாக நினைத்துப் போன நான், அவளுடைய அம்மாவையும் கூண்டில் ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். இனி அந்த அம்மாவைப் பார்க்காமல் முடியாது.

தூத்துக்குடி ரயில் நிலையத்துக்கு இசக்கிப்ரியாவே வந்திருந்தாள். ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டாள். உப்பளத்துக்குப் போகும் மண்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு, "எங்கம்மா மேல கேஸு வந்திருக்கு மேடம். படிக்கத் தெரியாத பொம்பளை, கருவை மாத்துனாங்களாம்" என்றாள். குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

காலை ஒன்பது மணி. பாத்திகளில் உப்பு வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. பெரிய அளங்களில் இயந்திரம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இது சின்ன அளம். இந்த வரப்புகள் இயந்திரத்தைத் தாங்காது. பெண்கள் தலையில் உப்புப் பெட்டியோடு வரிசையாக வந்து, கரையில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்பாரம் ஒரு மாடி உயரம் இருந்தது. இசக்கிப்ரியாவின் அம்மா சண்முகக்கனிக்கு அறுபது வயது. சுமையோடு அந்தச் சரிவில் ஏறியபோது அவர் கழுத்து ஆடவே இல்லை.

கொட்டிவிட்டு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டாக்டரம்மா. வெயில்ல நிக்காதிய" என்று ஓலைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். வேலையை முடித்த நாலைந்து பெண்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எம்மக உடம்புல என்னமோ இருக்குன்னு சொல்லுதாவ. என்னன்னு எனக்குப் புரியும்படியாச் சொல்லுங்க" என்றார்.

"அக்கா, நம்ம உடம்பு கோடிக்கணக்கான செல்லால ஆனது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு அறைக்குள்ளயும் உட்கருன்னு ஒண்ணு இருக்கு. உடம்பு எப்படி வளரணும்னு அதுக்குள்ளதான் எழுதியிருக்கு."

"சரி."

"அந்த உட்கரு சும்மா மிதந்துக்கிட்டு இருக்கிறதில்ல. அறை முழுக்க நார் நாரா ஒரு சட்டகம் ஓடுது. உட்கருவைச் சுத்தி இருக்கிற உறையைத் துளைச்சுக்கிட்டு, அந்தச் சட்டகத்தோட அதைக் கட்டிப்போட்டிருக்கிற கயிறுங்க உண்டு. நீங்க சுமை தூக்கும்போது தசை இழுக்குது. தசை இழுத்தா சட்டகம் இழுக்குது. சட்டகம் இழுத்தா கயிறு உட்கருவை இழுக்குது. அந்த இழுப்பை வச்சுத்தான் உட்கருவுக்கு, வெளிய பாரம் ஏறியிருக்கு, இன்னும் தசை வேணும்னு தெரியவருது."

அவர் யோசித்தார். "தோணியைக் கட்டுன கயிறு மாதிரி. அலை வந்தா கரையில இருக்க கட்டைக்குத் தெரிஞ்சிரும்."

"அதேதான். கயிறு தொய்வா இருந்தா சின்ன அலை தெரியாது. விறைப்பா இருந்தா எல்லாம் தெரியும். இசக்கிக்குக் கயிறு ரொம்ப விறைப்பு. மருந்து போட்டவங்களுக்குத்தான் அப்படி இருக்கும்."

"எனக்கும் பாருங்க" என்று உடனே தலையைக் குனிந்தார்.

முடியை எடுத்துக்கொண்டேன். கையோடு கொண்டுபோயிருந்த சின்னக் கருவியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். காத்திருந்தபோது அவருடைய ஆதார் அட்டையைப் பார்த்தேன். பிறந்த ஆண்டு 2001. மனிதக் கருவைத் திருத்த உலகத்தில் எந்த ஆய்வகத்துக்கும் தெரியாத காலம்.

கருவி முடிவைக் காட்டியது. ஏழு எழுத்தும் இருந்தன.

இசக்கிப்ரியா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கா மேடம்?"

"இருக்கு. உங்க அம்மாவை யாரும் திருத்தியிருக்க முடியாது. இது இயற்கை."

அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. மருந்தின் ஏழு எழுத்தும் இந்தக் குடும்பத்தின் ஏழு எழுத்தும் ஒன்றுவிடாமல் ஒத்துப்போவது தற்செயலாக இருக்கவே முடியாது.

"அக்கா, உங்க உடம்புலேருந்து எப்பவாவது யாராவது சதை எடுத்திருக்காங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்முகக்கனி சேலையை முழங்காலுக்கு மேல் கொஞ்சம் ஒதுக்கினார். தொடையின் ஓரத்தில் உளுந்து அளவில் ஒரு தழும்பு. பக்கத்தில் இருந்த பெண்ணும் காட்டினார். அவருக்கும் அதே இடம்.

"எங்க எல்லாத்துக்கும் உண்டு" என்றார் சண்முகக்கனி. "இசக்கி பொறக்கதுக்கு நாலு வருசம் முன்னாடி. மெடிக்கல் கேம்ப்புன்னு வேன்ல வந்தாவ. நாப்பது பேரு போனோம். கையில மையால நம்பர் எழுதுனாவ. தொடையில ஊசி குத்தி எடுத்தாவ. ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் குடுத்தாவ. பொறவு யாரும் வரல."

2033. அந்த ஆண்டு எனக்குத் தெரிந்த ஆண்டு. டென்சிவாரைப் பற்றிய முதல் கட்டுரையை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் கட்டுரைகளில் இருபது தடவையாவது மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வரும். 'தென்னிந்தியக் கடற்கரையில் சுமை தூக்கும் நாற்பது பெண்களிடம் எடுத்த தசைகளில், பதினேழாம் மாதிரி குறிப்பிடத்தக்க விறைப்பைக் காட்டியது.' அந்த விறைப்பைப் பிரதியெடுத்துத்தான் மருந்து செய்தார்கள். பதினேழாம் மாதிரி ஒரு ஆள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என்னுடைய நான்கு லட்சம் பேர் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வந்து, குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தவர்கள். உப்பளத்திலிருந்து அங்கே யாரும் போனதில்லை.

இதைச் சொன்னேன். எதையும் மறைக்காமல், என் தவறையும் சேர்த்துச் சொன்னேன்.

"எப்ப விசாரணை?" என்று மட்டும் கேட்டார் சண்முகக்கனி.

"திங்கட்கிழமை. நீங்க வரணும்னு இல்லக்கா. நான் சொல்லிக்கிறேன்."

"நான் வருவேன்" என்றார்.

திங்கட்கிழமை குழுவின் முன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். பழைய கட்டுரை, முடியின் முடிவுகள், ஆதார் நகல், தழும்பின் படம். "பதினேழாம் மாதிரி இங்கே உட்கார்ந்திருக்கிறார்" என்று சண்முகக்கனியைக் காட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

குழுவில் இன்னொரு உறுப்பினர் இருந்தார். முன்னாள் வீரர், நேர்மையானவர். "இயற்கைன்னு ஒத்துக்கிறேன்" என்றார். "ஆனா மேடையில நிக்கிற மத்தவங்களுக்கு இந்தக் கயிறு இல்லையே. இது நியாயமா? மருந்து போட்டவளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?"

வேதவல்லி சண்முகக்கனியிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

அவர் எழுந்தார். சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"அய்யா, எங்க அம்மை உப்பு சொமந்தா. அவ அம்மையும் சொமந்தா. நானும் சொமக்கேன். நாங்க சொமந்தப்போ யாரும் வந்து, ஒனக்கு எதோ கூட இருக்கு, நீ சொமக்கப்படாதுன்னு சொல்லல. கூட ஒரு பெட்டி வையின்னுதான் சொன்னாவ. எங்க உடம்பைப் பாத்து அவுக மருந்து செஞ்சாவ. படுத்துக் கெடந்தவுக எந்திரிச்சு நடக்காவன்னு டாக்டரம்மா சொன்னாவ. நல்லதுதான், சந்தோசம். ஆனா இப்ப எம்மக அந்த மருந்து மாதிரி இருக்கான்னு சொல்லுதிய. அந்த மருந்துதான்யா எங்களை மாதிரி இருக்கு."

முன்னாள் வீரர் பேனாவைக் கீழே வைத்தார்.

தீர்ப்பு பதினோரு பக்கம். இசக்கிப்ரியா மீதும் அவள் தாய் மீதும் எந்தக் குற்றமும் இல்லை. என் பரிசோதனை இனி முடி வேரையும் பார்க்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. அந்தப் பக்கத்தை நான் ஆய்வகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். முன்பு தண்டனை பெற்ற பதினொரு பேரையும் மறுபடி பார்த்தோம். அவர்கள் ஊசி போட்டவர்கள்தான். இருந்தாலும் முடிவு வரும்வரை நான் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை.

பள்ளி அவளைத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் போனாள். வகுப்பில் முதல்நாள் தன் தலைமுடியைக் காட்டி, நடந்ததைப் பிள்ளைகளுக்கு விளக்கினாளாம்.

அந்த நவம்பரில் தாஷ்கண்டில் உலகப் போட்டி. நானும் போயிருந்தேன். கடைசித் தூக்கலில் இசக்கிப்ரியா நூற்று அறுபத்துமூன்று கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினாள். அரங்கில் கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். கொஞ்சம் பேர் தட்டவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த ஈக்வடார் பெண் நூற்று அறுபத்துநான்கு தூக்கினாள். அந்தப் பெண்ணின் கயிறு நம் எல்லோருடையதையும் போலச் சாதாரணமானது. பரிசோதித்தது நானேதான்.

வெள்ளிப் பதக்கத்தோடு வந்த இசக்கிப்ரியா, "அவ முழங்காலை மடக்குன வேகத்தைப் பாத்தீங்களா மேடம்? எட்டு வருஷமாவது அதுக்காகவே உழைச்சிருப்பா" என்றாள். தோற்றவள் முகமாக அது இல்லை. தன்னைத் தோற்கடிக்க இன்னொருத்தி எவ்வளவு செய்யவேண்டியிருந்தது என்று தெரிந்தவளின் முகம். முன்னாள் வீரர் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் முழுப் பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பியதும் நான் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ஒரு புதிய மரபணு மாற்றத்தைப் பதிவு செய்கிறவர்கள் அதற்குப் பெயர் வைக்கலாம். 'சண்முகக்கனி மாற்றம்' என்று எழுதி, சம்மதம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் காற்றுச் சத்தம். அளத்தில் இருந்தார்.

"எம்பேரு வேண்டாம் டாக்டரம்மா" என்றார்.

"ஏன்க்கா? பதினேழாம் மாதிரி நீங்கதானே?"

"நான் இருவத்திரெண்டு."

திரையில் எழுதியிருந்த 'சண்முகக்கனி' என்ற பெயரை அழித்தேன்.

"அன்னைக்கு அங்கன வச்சு நீங்க என்னையக் காட்டுனிய. இல்லன்னு சொன்னா பிள்ள காரியம் கெட்டுப்போயிருமோன்னு பேசாம இருந்துட்டேன். பதினேழு எங்க அக்கா, முத்துக்கனி. வரிசையில எனக்கு அஞ்சு பேருக்கு முன்னால நின்னா. ஒரே அம்மை வயித்துப் பிள்ளைய, அதான் எனக்கும் அதே கயிறு. கேம்ப்பு முடிஞ்சு ரெண்டாம் வருசம், சித்திரை வெயில்ல, அம்பாரத்துக்கிட்ட பெட்டியோட உக்காந்தா. எந்திரிக்கல. முப்பத்தாறு வயசு. எப்பவும் எங்க எல்லாரையும் விட ஒரு பெட்டி கூடத்தான் சொமப்பா. அதுல அவளுக்கு ஒரு பெருமை."

கட்டுரையை மாற்றி எழுதினேன். பெயர் 'முத்துக்கனி மாற்றம்'. மாதிரி கொடுத்தவர்கள் என்று நாற்பது பேரையும் சேர்க்க விரும்பினேன். மருந்து நிறுவனம் எண்கள் மட்டுமே இருப்பதாகச் சொல்லிவிட்டது. சண்முகக்கனியும் மற்றப் பெண்களும் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து முப்பத்தொரு பெயர்களைச் சொன்னார்கள். மீதி ஒன்பது பேர் வேறு அளத்திலிருந்து வந்தவர்கள். தேடிக்கொண்டிருக்கிறோம். பெயர்களைத் தமிழ் எழுத்திலும் அச்சிட வேண்டும் என்று இதழோடு நான்கு மாதம் மல்லுக்கட்டி அதையும் வாங்கினேன்.

வெளிவந்த அன்று காலை அவரைக் கூப்பிட்டேன்.

"இருங்க, எல்லாரையும் கூப்பிடுதேன்" என்றார். போனைச் சத்தமாக வைத்துவிட்டு, "சத்தமா வாசிங்க டாக்டரம்மா, காத்து அடிக்கி" என்றார்.

வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் "இருக்கேன்" என்றார். இல்லாதவர்களுக்கு, "அவ மக துறைமுகத்துல வேலை பாக்கா" என்றோ, "அவ போயிட்டா" என்றோ குரல் வந்தது. முப்பத்தொன்றும் முடிந்த பிறகு சண்முகக்கனி கேட்டார்.

"எங்க அக்கா பேரை எப்படி எழுதியிருக்கிய? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ரேசன் அட்டையில ஒரு எழுத்து விட்டதுக்கே ஆபீசுக்குப் போய் மாத்திட்டு வந்தவ."

திரையில் இருந்ததைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மு. த். து. க். க. னி.

"சரியா இருக்கு" என்றார்.